அரியலூர்ச் சுண்ணாம்பும் என் ஜீப்பின் மூக்கும்

ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வேப்பந்தட்டையில் என் உரக்கடை வாசலிலிருந்து கிளம்பினேன். போக வேண்டிய ஊர் மீன்சுருட்டி. பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் வழியாகச் சுமார் தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். அங்கே என் தங்கை கலாவின் மகள் யாழினிக்குக் காதுகுத்து. பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் நல்ல நேரம். அதைத் தாண்டினால் எமகண்டம். குழந்தை உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில். கலாவுக்குக் கூடப் பிறந்தவன் நான் ஒருவன்தான்.

பஸ்ஸில் போயிருந்தால் இரண்டு இடத்தில் மாறி, ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்து, பந்தியில் இட்லி தின்றுகொண்டிருப்பேன். புத்தி கெட்டுப்போய் ஜீப்பை எடுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்: சம்பந்திகள் நாலு பேர் பார்க்க, புது பவர் ஏற்றிய ஜீப்பில் சீர்த்தட்டோடு போய் இறங்க வேண்டும் என்ற அற்ப ஆசைதான்.

இருபது வருஷத்து டீசல் ஜீப் அது. பச்சைமலை அடிவாரத்தில் உள்ள என் மக்காச்சோளக் காட்டுக்கு ஏறி இறங்கி உழைத்த வண்டி. மேட்டில் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். அதைப் பெரம்பலூரில் பாஸ்கர் என்ற மெக்கானிக்கிடம் விட்டேன். ஒரு மாதம் வைத்திருந்தான். டர்போ பூட்டினான். பம்பு திருகைத் திருப்பி டீசல் கூட்டினான். டயர்களை ஆளுயரத்துக்கு மாற்றினான். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய ஏர் ஃபில்டரைக் கழற்றினான். அது ஓர் இரும்பு டப்பா. அடியில் எண்ணெய் இருக்கும். உள்ளே போகிற காற்று தன் தூசியை அந்த எண்ணெயில் விட்டுவிட்டு எஞ்சினுக்குப் போகும். எண்ணெய் மாற்றும் தேதியை என் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் அந்த டப்பாவின் மேல் எழுதிவைப்பது என் வழக்கம். அதற்குப் பதிலாகக் கூம்பு மாதிரி ஒரு துணி ஃபில்டரைத் திறந்த வாக்கில் மாட்டி, அதன் மேல் ஒரு பிசுக்கு எண்ணெயையும் தடவினான்.

"பாஸ்கரு, நான் இதுல அரியலூர் வழியா மீன்சுருட்டி போவணும். தாங்குமா?" என்று வண்டியை எடுக்கப் போன அன்றைக்கே கேட்டேன்.

"தாராளமா போங்க சார். அந்த டப்பா வண்டி மூக்க அடைச்சுக்கிட்டு கெடந்துச்சு. இனிமே மூச்சு வுடும் பாருங்க."

அவனுடைய சொந்த ஜீப் வேப்பமரத்தடியில் சின்ன டயரோடு அடக்கமாக நின்றது. "உன் வண்டிக்கு ஒண்ணும் பண்ணிக்கலியா?" என்றேன். "நம்மது சாமான் ஏத்துற வண்டி சார், அதுக்கு எதுக்கு" என்றான். இந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஏழேகாலுக்குப் பெரம்பலூரில் டீ குடித்தேன், பதினைந்து ரூபாய். பக்கத்தில் நின்ற பஸ் கண்டக்டர் என் புகைக்குழாயைப் பார்த்து, "என்னா சார், செங்கல் சூளையா?" என்று கேட்டார். முறைத்துவிட்டு ஏறினேன். அரியலூர் சாலையில் வண்டி பிய்த்துக்கொண்டுதான் போனது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் சாலையோரக் கல் முப்பது கிலோமீட்டர் வந்துவிட்டாய் என்றால், என் மீட்டர் இருபத்தேழு என்றது. டயர் பெரிதானால் மீட்டர் குறைத்துக் காட்டுமாம். அதையும் அந்தப் புண்ணியவான் சொல்லவில்லை.

எட்டே கால். அரியலூருக்கு முன்னால் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகள் அரை மைல் நீளத்துக்கு நின்றன. முக்கால்வாசி லாரிகளில் தார்ப்பாய் கிடையாது. பின்னால் வருகிறவன் மனிதன்தானே, அவனுக்கும் நுரையீரல் இருக்கிறதே என்று யாருக்கும் கவலையில்லை. வீட்டுக் கூரை, வேலி, எருமை மாடு எல்லாம் ஒரே வெள்ளை. இடப்பக்கம் லாரிகள் ஓடும் மண்பாதை ஒன்று பிரிந்தது. ஆஃப் ரோடு வண்டி வைத்துக்கொண்டு வரிசையில் நிற்பதா என்று அதில் திருப்பினேன். கணுக்கால் அளவு சுண்ணாம்பு மாவு. எனக்கு முன்னால் இரண்டு டிப்பர்கள் அதைக் கிளப்பிக்கொண்டு போயின. இரண்டு கிலோமீட்டர் ராஜா மாதிரி போனேன். மூன்றாவதில் வண்டி திணறியது. மிதித்தால் கரும்புகைதான் வந்தது, வேகம் வரவில்லை. எட்டு ஐம்பதுக்குச் சுத்தமாக நின்றுவிட்டது.

பாஸ்கருக்கு நான்கு முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. ஐந்தாவது மணி கலாவிடமிருந்து வந்தது.

"அண்ணே, எங்க இருக்க?"

"அரியலூர் தாண்டிக்கிட்டு இருக்கேன்மா" என்றேன். தாண்டவில்லை, நின்றுகொண்டிருந்தேன்.

"சீக்கிரம் வாண்ணே. லேட்டானா பெரியப்பா மவன் முருகேசண்ணன மடியில உக்கார வச்சிரலாம்ங்கிறாங்க இங்க."

முருகேசன் எனக்கும் தம்பிதான், விரோதி இல்லை. ஆனால் யாழினி பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவன் நான். காது ஒரு முறைதான் குத்துவார்கள். அந்த மடி என் மடியாக இருக்க வேண்டும். ஒரு கூம்புத் துணிக்காக அதை இழக்கப் போகிறேனா என்று நினைத்தபோது அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. டயரை ஓங்கி ஓர் உதை விட்டேன். வலித்தது எனக்குத்தான்.

எதிரே காலியாக வந்த டிப்பர் ஒன்று நின்றது. ஓட்டுநர் ஆரோக்கியசாமி, நாற்பது வயதிருக்கும், தலைத்துண்டிலிருந்து செருப்புவரை வெள்ளை. காதுகுத்து விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, பானெட்டைத் தூக்கச் சொன்னார். ஒரு பார்வைதான் பார்த்தார்.

"எந்த மவராசன் சார் இத மாட்டுனது?"

அந்தச் சிவப்புக் கூம்பு கொழுக்கட்டையாகியிருந்தது. பிசுக்கு எண்ணெயில் சுண்ணாம்பு மாவு ஒட்டி, காய்ந்து, விரலால் தட்டினால் டொக் டொக்கென்றது.

"இங்க நாங்க காலைல டீ குடிக்கிறதுக்கு முன்னாடி ஃபில்டரத் தொறந்து தட்டிட்டுதான் சாவியப் போடுவோம். மூடுன ஃபில்டருக்கே அந்தக் கதி. நீங்க எண்ணெய் தடவித் தொறந்து வச்சிட்டு வந்திருக்கீங்க. பழைய டப்பா எங்க சார்?"

"மெக்கானிக்கிட்ட கெடக்கு."

"நல்லாருக்கு போங்க" என்று கூம்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "கெட்டித் துணி ஏதும் இருக்கா? என் துண்டு ஆவாது, அதுலயே ஒரு மூட்ட சுண்ணாம்பு இருக்கு."

இருந்தது. சீர்த்தட்டில் மாப்பிள்ளைக்கு எடுத்த புதுத் துண்டு, மடிப்புக் கலையாமல். கை கூசியது. ஆனாலும் எடுத்துக் கொடுத்தேன். அதை இரண்டாக மடித்து, காற்றுக்குழாய் வாயில் வைத்துக் கயிற்றால் இறுக்கினார். பம்புத் திருகையும் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பி டீசலைக் குறைத்தார். "முப்பதுக்கு மேல மிதிக்காதீங்க. மண்ணுல எறங்காதீங்க, தார் ரோட்டுலயே போங்க. ஒரு காதுகுத்துக்குத் தாங்கும்." காசு நீட்டினேன், வாங்கவில்லை. "புள்ளைக்கு எதாச்சும் வாங்கிக் குடுங்க" என்றார்.

ஒன்பது ஐம்பதுக்கு மறுபடி கிளம்பி, வந்த மண்பாதையிலேயே ஊர்ந்து தார்ச்சாலைக்குத் திரும்பினேன்; அதற்குள் லாரி வரிசை கலைந்திருந்தது. அத்தனை பவர் ஏற்றிய ஜீப், தார்ச்சாலையில் மாட்டுவண்டிக்கு அண்ணன் மாதிரி போனது. உடையார்பாளையத்துக்கு முன்னால் ஒரு மொபெட், பின்னால் கீரைக்கட்டோடு, என்னை ஓவர்டேக் செய்தது. அந்த அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பதினொன்றே காலுக்கு ஜெயங்கொண்டம். பதினொன்று நாற்பத்தைந்துக்கு மீன்சுருட்டிக் கோயில் வாசல்.

உள்ளே முருகேசன் சட்டையைக் கழற்றிவிட்டு மனையில் உட்கார்ந்தே விட்டான். குழந்தை கலாவின் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் முருகேசன் எழுந்து, "வாண்ணே, உன் எடம் சூடா இருக்கு" என்றான். தலைமுடியெல்லாம் வெள்ளையாக, கையெல்லாம் கரியாக உட்கார்ந்தேன். யாழினி என் மடியில் ஏறி, என் மீசையைத் தொட்டு, விரலில் ஒட்டிய சுண்ணாம்பைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே ஆசாரி ஒரு காதை முடித்துவிட்டார். மறு காதுக்கு ஊரைக் கூட்டினாள். மணி பதினொன்று ஐம்பத்திரண்டு.

சீர்த்தட்டை எண்ணிப் பார்த்த கலா, "வேட்டி இருக்கு, துண்டக் காணுமே?" என்றாள். நான் வாய் திறக்குமுன் வெளியே பானெட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை குரல் கொடுத்தார்: "மச்சான், இது எனக்கு எடுத்ததுங்களா?" சிரிப்பு அடங்கக் கால் மணி நேரமானது. நானும் சிரித்தேன்.

திங்கள் காலை திரும்பும் வழியில், பதினொரு மணிக்குப் பெரம்பலூர் பட்டறையில் நிறுத்தினேன்.

"என் பழைய டப்பாவக் குடு."

"அதெல்லாம் காயலான் கடைக்குப் போயிடுச்சு சார்" என்று பாஸ்கர் தலை நிமிராமல் சொன்னான்.

வேப்பமரத்தடியில் அவன் ஜீப் நின்றது. எதற்கென்று தெரியாமலே போய் அதன் பானெட்டைத் தூக்கினேன். என் டப்பா உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மேலே சிவப்பு நகப்பூச்சில் என் கையெழுத்து, தேதியோடு.

"இது என்னடா?" என்றேன். அதுவரை அவனை நான் 'டா' போட்டதில்லை.

அவன் அசரவில்லை. "கோச்சுக்காதீங்க சார். நம்ம வண்டி அரியலூர்ப் பக்கம் லோடு போற வண்டி. அந்தப் புழுதிக்கு இது இல்லாம முடியாது."

ஸ்பானரை நானே எடுத்து, நானே கழற்றினேன். நானும் அரியலூர் வழியாகத்தான் போகிறேன் என்று வண்டியை எடுத்த அன்றைக்கே இவனிடம் சொல்லியிருந்தேன்.