நாற்பத்தொரு நாள் கைதி

அடுத்த தூதரகத்து டிரைவர் சொன்னானாம். அவனுக்கு யாரோ ஒரு காவலாளி சொன்னானாம். "போலீஸ் வந்தப்போ ஆளுங்க பேர் எழுதின தாளை ஐயா அப்படியே மென்னு முழுங்கிட்டீங்களாமே, நிசந்தானுங்களா?" என்று வண்டியை ஓட்டிக்கொண்டே தூதரின் டிரைவர் கேட்டான். பின்னிருக்கையில் இருந்த தூதர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிக்கு முப்பது வருடமாய்த் தவணை சொல்லிக்கொண்டிருந்தார்.

தாளை முழுங்கியவர் இவருடைய பழைய கூட்டாளி, ஓர் அச்சுக்கோப்பவர். தையற்கடைப் பின்னறையில் இருவரும் திருட்டுத்தனமாய்த் துண்டறிக்கை அச்சடித்தார்கள். அவர் எழுத்துக் கோப்பார்; இவர் மை தடவுவார், அதனால் இவருக்குப் பட்டப்பெயர் மைப்புட்டி. ஒரே நாளில் பிடிபட்டு ஒரே கொட்டடியில் கிடந்தார்கள். நாற்பத்தோராம் நாள் மைப்புட்டி மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். மற்றவருக்கு ஆறு வருடம். நாட்டுக்கு விடுதலை வந்ததும் புதிய அரசுக்கு இரண்டு மொழி தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். இவர் கோட்டு தைத்துக்கொண்டு தூதராகப் போனார். பதிவேட்டில் 'சிறை சென்றவர்' என்று எழுதினார்கள். எத்தனை நாள் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போதுதான் கேட்கிறார்கள். பழைய சிறை வாசலில், அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களின் பெயர் பொறித்த கல் நடப்போகிறார்கள். சிறை ஆவணங்கள் எரிந்துபோனதால், ஒவ்வொரு பெயருக்கும் உடனிருந்த கைதி ஒருவர், தாம் உள்ளே போன நாள், வெளியே வந்த நாள், வெளியே வந்த காரணம் எல்லாம் எழுதிச் சான்று தரவேண்டும். அச்சுக்கோப்பவருக்குச் சான்று சொல்ல உயிரோடு இருப்பது மைப்புட்டி ஒருவர்தான்.

"டேய் மைப்புட்டி, ரெண்டு வரி எழுதிப் போடுடா. நான் திருடிட்டு உள்ள போனவன்னு என் மருமகனே சொல்லிட்டுத் திரியறான். கல்லுல பேர் வந்தா வாயை மூடுவான்டா" என்று போன மாதம் அச்சுக்கோப்பவரிடமிருந்து கடிதம் வந்தது.

தூதர் பதில் எழுதினார். தூதரகத் தாளில், அரசாங்கங்களுக்கு எழுதிப் பழகிய, பிடிகொடுக்காத வாக்கியம்: 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. உரிய கவனம் செலுத்தப்படும்.'

அதற்கு மறுமொழி இன்று காலை வந்து, கோட்டுப் பையில் கனத்தது. 'பதிலுக்கு நன்றி, ஐயா.' அவ்வளவுதான். ஒரு 'டேய்', இரண்டு 'டா' எல்லாம் போய் ஓர் 'ஐயா' வந்திருந்தது. செருப்பால் அடித்திருந்தால்கூட இப்படி உறைத்திருக்காது.

வீட்டில் மனைவி அதை வாங்கிப் படித்தார். இந்த ஊரில் மன்னிப்புக் கடித விஷயம் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"அவருக்குமா ஆபீஸ் தாள்ல எழுதினீங்க?" என்று மட்டும் கேட்டார்.

தூதர் வெறுந்தாளை எடுத்தார். இரண்டு தேதிகளையும் எழுதினார். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது. பிறகு, 'மன்னிப்புக் கேட்டேன்' என்று எழுதி, அதன்கீழ், 'தாளை முழுங்கியவர் அவர். நானல்ல' என்று சேர்த்தார். சான்று போய்ச்சேர வெள்ளிக்கிழமை கடைசி நாள். உறையில் போடுமுன் அச்சுக்கோப்பவரிடம் படித்துக் காட்ட வேண்டும், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். ஒரு 'டேய்' கிடைத்தால் போதும்.

போனைச் சுழற்றினார். ஊரில் இப்போது காலை பத்து மணி, வீட்டில்தான் இருப்பார். கீழே டிரைவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனிடமும் சொல்ல வேண்டும். போனில் ஏழாவது மணி அடித்தது. எட்டாவதும் அடித்தது; யாரும் எடுக்கவில்லை. தாளைக் கையில் பிடித்தபடியே நின்றார்.