அரிப்புச் சந்தியில் இறங்கியவர்கள்

ஒரு பிக்கப்பின் பின்பக்கம் நடுங்கினால் அதற்கு ஆறு காரணங்கள்தான் இருக்கலாம் என்று படித்தவள் நான். டயர், சக்கரத்தின் சமநிலை, என்ஜினின் சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகிற நீளமான ஷாஃப்ட், அதன் முனைகளில் உள்ள மூட்டுகள், நடுவில் அதைத் தாங்குகிற பெயாரிங், கடைசியாகப் பின் அச்சின் பல்சக்கரங்கள். ஏழாவது காரணம் சொல்ல வந்தவர்களின் வாயை எல்லாம் அடைத்திருக்கிறேன். பேய் ஏறிய லொறி, எலுமிச்சம்பழம் கேட்கிற ட்ராக்டர் என்று கராஜுக்கு வராத கதை இல்லை, ஒன்றைக்கூட நான் காதில் வாங்கியதில்லை, அதனால்தான் இதைச் சொல்ல இவ்வளவு கூச்சமாக இருக்கிறது. நம்பினாலும் சரி விட்டாலும் சரி, நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். இடையில் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், அன்றைக்கும் ஆட்கள் சிரிக்கத்தான் செய்தார்கள்.

நான் தமிழ்நாட்டு அகதி முகாமில் வளர்ந்தவள். அங்கேயே வாகனத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா முடித்து, சண்டை ஓய்ந்து ஆட்கள் ஊர் திரும்பத் தொடங்கிய காலத்தில் அம்மாவோடு மன்னாருக்கு வந்தேன். நசீர் நானாவின் கராஜில் வேலை கிடைத்தது. "இந்தியாப் புள்ள ஜாக்கி கேக்குது, ஜக்கக் குடுங்கடா" என்று, அங்கே ஜாக்கி என்பது இங்கே ஜக் என்று தெரியாத என்னைப் பார்த்து முதல் மாதம் முழுக்கச் சிரித்தார்கள். பிறகு பழுது பிடிபடாத வாகனங்களை என்னிடமே தள்ளிவிட்டார்கள்.

அப்படி வந்ததுதான் அந்த டபிள் கெப் பிக்கப், முன்னால் இரண்டு வரிசை சீற்றும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ளது. வீடு கட்டிக்கொடுக்கும் திட்டம் ஒன்றின் வாகனம். ஓட்டுநர் சேவியர் அண்ணை தலைமன்னார்க்காரர், ஐம்பது தாண்டியவர். மீள்குடியேறித் தகரக் கொட்டிலில் இருந்த அவருடைய குடும்பத்துக்கு அந்தச் சம்பளத்தை விட்டால் வேறு வழி இல்லை. அன்று அவர் தனியாக வரவில்லை. கூடவே திட்டத்தின் அலுவலகக் கந்தோரிலிருந்து மேற்பார்வையாளர் ரவீந்திரன் சேரும் வந்திருந்தார்.

"இவர் களவா ஆள் ஏத்துறார், பிள்ளை," என்றார் சேர். "வெளியாக்களை ஏத்தக்கூடாது எண்டது எங்கட சட்டம். அரிப்புச் சந்தியிலை நிப்பாட்டி 'இறங்குங்கோ' எண்டு சொன்னதை ரெண்டு பேர் கேட்டிருக்கினம். பாரம் ஏத்தி ஏத்தித்தான் பின்பக்கம் நடுங்குது. வாகனத்திலை பிழை இல்லையெண்டு நீர் சொன்னால் இண்டையோட இவருக்கு வேலை இல்லை."

"நான் ஒருத்தரையும் ஏத்தேல்லை, சேர்."

"அப்ப ஆரை இறக்கினீர்?"

சேவியர் அண்ணை சாவியை என்னிடம் நீட்டினார்.

ஆறு காரணங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். டயர் சரி, மூட்டில் ஆட்டம் இல்லை, பெயாரிங் சரி, எண்ணெயில் இரும்புத் தூள் இல்லை. உண்மையைச் சொன்னால் அந்த நேரம் நானும் அவரைக் கள்ளன் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஓடிப் பார்க்காமல் நான் முடிவு சொல்வதில்லை. பட்டப்பகலில் மூன்று பேரும் அரிப்பு என்கிற அந்த ஊரை நோக்கிக் கிளம்பினோம், அவர்கள் முன்னால், நான் பின்சீற்றில், அச்சுக்குக் கிட்டத்தில்.

மன்னாரிலிருந்து கடலைக் கடக்கிற பாலத்தில் ஒரு குறையும் இல்லை. தள்ளாடி என்கிற இடத்தைத் தாண்டியும் இல்லை. வங்காலைக்கு அப்பால் கூரை போன பஸ் தரிப்பிடம் ஒன்று இருந்தது, அதற்கு முன்னால் ஆடுகள் குறுக்கே வந்ததால் சேவியர் அண்ணை நிறுத்தினார். ஆடுகள் போனதும் மறுபடி எடுத்தார். வேகம் ஏற ஏறச் சீற்றுக்குக் கீழே நடுக்கம் தொடங்கியது. "நியூற்றலிலை விடுங்கோ அண்ணை" என்றேன், விட்டார், நடுக்கம் போகவில்லை, ஆகவே என்ஜின் இல்லை. ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன்.

கராஜில் பின்டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் மடக்கிய என் கை தாராளமாகப் போனது. இப்போது இரண்டு விரல்தான் போனது. பெட்டியை எட்டிப் பார்த்தேன், ஒரு கயிற்றுச் சுருளைத் தவிர வேறொன்றும் இல்லை. விளிம்பைப் பிடித்து அமுக்கினேன், வெறும் பெட்டி என்றால் துள்ள வேண்டும், அது மூட்டை அடுக்கியது போல அசையாமல் கிடந்தது.

"ஸ்பிரிங் களைச்சுப் போச்சு போல," என்றார் சேர்.

அரை மணித்தியாலத்தில் எந்த ஸ்பிரிங்கும் களைக்காது. கீழே படுத்துப் பார்த்தேன். பின்பக்கம் பதிந்ததில் ஷாஃப்ட் நிற்கிற கோணம் மாறியிருந்தது, கோணம் மாறினால் மூட்டு சீராகச் சுற்றாது, நடுங்கும். ஆகக் காரணம் பிடிபட்டுவிட்டது. பாரம். பாரத்தைத்தான் காணவில்லை.

மறுபக்கத்தில் சேவியர் அண்ணை குந்தியிருந்து வாகனத்துக்கு அடியால் மெதுவாகச் சொன்னார்: "தங்கச்சி, கொஞ்ச நாளா இப்பிடித்தான். அரிப்புச் சந்தியிலை சொன்னால் இறங்கிடுவினம்."

"ஆர் அண்ணை?"

"தெரியாது. முன்னாலை பாத்துக்கொண்டுதான் சொல்லுவன்."

"சேரிட்டைச் சொல்லுங்கோவன்."

"இப்ப கள்ளன் எண்டு வேலையாலை நிப்பாட்டப் போறார். சொன்னால் விசரன், பைத்தியம் எண்டு நிப்பாட்டுவார்."

அரிப்புச் சந்தியில் தேத்தண்ணிக் கடையும் பஸ்ஸுக்கு நிற்கிற மீன்காரப் பெண்களுமாக ஒரே சனம். சேவியர் அண்ணை நிறுத்தினார். சேர் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை ஒரு சொல் சொன்னாலும் வேலை போய்விடும், சொல்லாவிட்டால் வாகனம் இப்படியே கிடக்கும். யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும். என்ன புத்தியில் செய்தேன் என்று இன்றுவரை தெரியாது, இறங்கிப் பின்னால் போய்ப் பெட்டியின் கதவைத் திறந்துவிட்டேன். ஒரு கையை விளிம்பில் வைத்துக்கொண்டு மெதுவாக "இறங்குங்கோ" என்றேன். ஒன்றும் நடக்கவில்லை.

"ஆரோடை பிள்ளை கதைக்கிறாய்?" என்றார் ஒரு பெண்.

எனக்குக் காது இரண்டும் கொதித்தது. ஆனாலும் தொண்டையைத் திறந்து, "இடம் வந்திட்டுது, எல்லாரும் இறங்குங்கோ" என்று சத்தமாகச் சொன்னேன்.

சந்தியே சிரித்தது. "காத்துக்கும் டிக்கெட் போட்டாச்சோ?" என்று ஒருத்தி கேட்டாள். "பாவமடி, படிச்ச பிள்ளை போல கிடக்கு, வெயில் அடிச்சிட்டுது" என்றாள் இன்னொருத்தி. நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது. அப்போதுதான் என் உள்ளங்கைக்குக் கீழே பெட்டி மெல்ல உயர்ந்தது. ஒரேயடியாக அல்ல. ஒரு பக்கம் கொஞ்சம், நின்று, மற்றப் பக்கம் கொஞ்சம், லொறியிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கும்போது உயருமே, அப்படி. ஸ்பிரிங் கிறீச்சென்றது எனக்குக் கேட்டது. சிரித்தவர்கள் கவனிக்கவில்லை.

பிறகு என் வலது தோளில் ஒரு கை ஊன்றியது.

உயரமான பெட்டியிலிருந்து இறங்க ஏலாத ஆட்கள் கீழே நிற்பவரின் தோளைப் பிடிப்பார்கள் அல்லவா, அந்தப் பிடிதான். பயமுறுத்துகிற பிடி இல்லை. நம்பிப் பிடித்த பிடி. நான் என்ன செய்தேன் தெரியுமா? விலகினேன். ஒரு எட்டு, அவ்வளவுதான். பொத்தென்று மண்ணில் எதுவோ விழுந்த சத்தம் கேட்டது, ஐயோ என்றுகூட ஒரு குரல் வரவில்லை, பெட்டி கடைசியாக ஒரு விரலளவு உயர்ந்து நின்றது. சிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சட்டென்று நிறுத்தி, "என்னடி விழுந்தது?" என்று கேட்டாள். மண்ணில் ஒன்றும் இருக்கவில்லை.

திரும்பி வரும்போது நடுக்கமே இல்லை. உப்புக் காற்றில் ஸ்பிரிங்கின் இணைப்பு துருப்பிடித்து இறுகியிருந்தது, ஓட்டுநர் மேல் பிழை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அப்படி ஒரு துரு அங்கே இல்லவே இல்லை. சந்தியில் யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சேர் எதைக் கண்டாரோ, "அப்பிடியே இருக்கட்டும், பிள்ளை" என்று என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்து வைத்தார். சேவியர் அண்ணையின் வேலை தப்பியது. "அரிப்புவரைக்கும் போய்ப் புடிச்சுட்டா நம்ம புள்ள" என்று நசீர் நானா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல நான் ஏதாவது ஒரு வாகனத்துக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அடுத்த முறை எண்ணெய் மாற்ற வந்தபோது சேவியர் அண்ணை சொன்னார்: "இப்ப அவையள் ஏறுகினமில்லை, தங்கச்சி."

"நல்லதுதானே அண்ணை, உங்களுக்குக் கரைச்சல் இல்லை."

"கரைச்சல் இல்லைத்தான். அந்தத் தரிப்பிடத்திலை நிப்பாட்டியும் பாத்தனான்." பிறகு கேட்டார், "அண்டைக்கு ஆரோ விழுந்த சத்தம் கேட்டது. நீ பிடிக்கேல்லையோ?"

நான் விலகியதை முதல்முறையாக உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு பின்பெட்டி உள்ள எந்த வாகனத்தையும் ஓடிப் பார்க்க அந்த வீதிக்குத்தான் கொண்டுபோவேன். கூரையில்லாத தரிப்பிடத்தில் நிறுத்தி, பெட்டிக் கதவைத் திறந்து, ஆட்கள் இல்லாவிட்டால் "வாங்கோ" என்றும் சொல்லிப் பார்ப்பேன். வெட்கக்கேடுதான், தெரியும். போன மாசிக்கு முன்னம் ஒருநாள் அங்கே ஒரு பெண் கடைப் பையோடு பஸ்ஸுக்கு நின்றார். நான் கதவைத் திறப்பதைப் பார்த்துவிட்டு, "நான் பஸ்ஸிலை போவன், பிள்ளை. இவவைத்தான் உம்மோட அனுப்புவம் எண்டு பாத்தன், கால் ஏலாமல் நிக்கிறா. உம்மட வண்டியிலை ஏற மாட்டாவாம்" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. பஸ் வந்தது. அந்தப் பெண் பையை ஒரு கைக்கு மாற்றி, மற்றக் கையை மடித்து யாருக்கோ கொடுத்து, படியில் ஒவ்வொரு காலாக நின்று நின்று ஏறினார். கண்டக்டர் அவசரப்படுத்தவில்லை. பஸ் போனது. நான் அதன் பின்னாலேயே அரிப்புவரை போனேன், வெறும் பெட்டியோடு, ஒரு நடுக்கமும் இல்லாமல்.