ரதிசாவும் குறுக்குக்காற்றும்

ரதிசாவ் எந்த வீட்டுக்குப் போனாலும் அழைப்புமணியைத் தொடமாட்டார். முஷ்டியால் கதவைக் குத்துவார். மணிக்குள் தெறிக்கும் ஒரு பொறி போதுமாம், கூரையைத் தூக்கி அடுத்த தெருவில் வைக்க. கேஸ் சிலிண்டர் மாட்டிக் கொடுப்பது அவர் தொழில். புருவம் இரண்டும் கிடையாது. கேட்டால் "அனுபவம்" என்பார். நாங்களும் மரியாதையாக நம்பிக்கொள்வோம்.

அன்று மதியம் நான்தான் அவரைக் கூட்டிவந்தேன். பக்கத்து வீட்டு ஸ்தாமென்கா ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை. உலகத்துக் காற்றுகளையெல்லாம் முப்பது வருடம் பாடம் நடத்தியவர், வீட்டுக்குள் மட்டும் ஒன்றையும் விடமாட்டார். "காலையிலேருந்து கேஸ் நாத்தம், தலை சுத்துது" என்று வேலியோரம் வந்து சொன்னார். ஜன்னலைத் திறக்க வேண்டியதுதானே என்றேன்.

"திறந்தா ப்ரொமாயா வருமே!"

எதிரெதிர் ஜன்னல்களுக்கு நடுவே ஓடும் அந்தக் குறுக்குக்காற்றுதான் எங்கள் செர்பியாவில் கழுத்துப்பிடிப்பு, காதுவலி, வாய்க்கோணல் அனைத்துக்கும் காரணம். கேஸ் வெடித்தால் ஒரே சாவு. ப்ரொமாயா பட்டால் ஆயுசுக்கும் அவஸ்தை. டீச்சர் யோசித்துத்தான் முடிவெடுத்திருந்தார்.

ரதிசாவ் குத்தியதும் கதவு திறந்தது. ஜன்னல்களில் போர்வை தொங்க, சமையலறை இருண்டு கிடந்தது. மேசையில் உரித்த சிவப்புக் குடைமிளகாய் வதக்கலுக்குக் காத்திருந்தது. "இருப்பா, லைட்டைப் போடறேன்" என்று ஸ்தாமென்கா கை நீட்டினார்.

"கைய எடுங்க டீச்சரம்மா!"

அப்படியொரு குரல் ரதிசாவிடம் இருப்பது எனக்குத் தெரியாது.

"கேஸ் பொண்ணு, காத்து மாப்பிள்ளை. பொண்ணுக்குக் கனம் ஜாஸ்தி, தரையோட தரையா ரெண்டும் கைகோத்து நிக்குது. உங்க சுவிட்சுதான் பாதிரியார். அவர் வாயத் திறந்தா வீடு இருக்காது!"

"பொருத்தம் பாக்க வேணாமா?" என்றார் டீச்சர், விட்டுக்கொடுக்காமல்.

"நூத்துல ரெண்டு பங்குக்குக் கீழே இருந்தா பத்திக்காது, ஒம்போதுக்கு மேல போனாலும் பத்திக்காது. இங்க எவ்வளவு இருக்குன்னு தீக்குச்சி கிழிச்சுப் பாக்கவா? வெளியே போங்க!"

டீச்சரை முற்றத்துக்கு இழுத்துவந்தேன். ரதிசாவ் சிலிண்டர் வால்வை மூடினார், போர்வைகளைப் பிய்த்தார், இரண்டு ஜன்னல்களையும் விரியத் திறந்தார். பிறகு துடைப்பத்தை எடுத்து, வாசலை நோக்கி ஒன்றுமில்லாததைக் கவனமாகப் பெருக்கினார். முற்றத்தில் ஸ்தாமென்கா கழுத்தைப் பொத்திக்கொண்டு, "கொலைகாரா!" என்று கத்தினார்.

ஒரு மணி நேரம் கழித்து உள்ளே போனோம். வால்வைச் சற்றே திறந்து சோப்பு நுரை தடவியதும், சிலிண்டர் வாயிலிருந்த பழைய ரப்பர் வளையம் குமிழ்விட்டது. ரதிசாவ் வால்வை மூடிப் புதிது மாட்டினார். போன வருடம் கேஸ் வெளியேறச் சுவரடியில் அவரே போட்டுக்கொடுத்த துளையிலிருந்து ஒரு கம்பளிக் காலுறையை உருவியெடுத்தார். டீச்சர் கூரையைப் பார்த்தார்.

காபி வந்தது. ரதிசாவ் அந்தச் சுவரோரம் உட்கார்ந்தார்.

"இது வீட்டுக்கு மூக்கு, டீச்சரம்மா. மூக்கைப் போய் யாராவது அடைப்பாங்களா?"

துளை வழியே அக்டோபர் காற்று விசிலடித்தது. அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பேச்சை நிறுத்தாமலே, இடது குதிகாலை மெல்ல நகர்த்தித் துளையின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டார்.