மோட்டாருக்கு வாங்கிய சிம் கார்டு

எங்கள் வீட்டில் முதல் செல்போன் நம்பர் சித்தப்பாவுடையது. இரண்டாவது, வீட்டுக்குப் பொதுவாக வாங்கி டிவி ஸ்டாண்டில் வைத்த போனுடையது. மூன்றாவது நம்பர் மோட்டாருக்குக் கிடைத்தது. அம்மாவுக்கும் சித்திக்கும் சொந்த நம்பர் வந்தது அதற்கும் சில வருடங்கள் கழித்துத்தான். அந்த வரிசையில் ஏதும் விசித்திரம் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் மோட்டாருக்கு நம்பர் வைத்திருந்த வீடு எங்களுடையது மட்டும்தான்.

எங்கள் ஊர் எறையூருக்குப் பக்கம். வீட்டிலிருந்து தள்ளியிருந்த கொல்லையில் ஒன்றரை ஏக்கர் கரும்பு, ஒரு போர்க் கிணறு, ஒரு தொட்டி. காலையில் த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் மோட்டாரைப் போட்டுத் தொட்டியை நிரப்ப வேண்டும். சாயங்காலம் அப்பா அதிலிருந்து கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுவார். போட்டுவிட்டு வந்துவிடவும் முடியாது. கோடையில் எங்கள் போர் ஒன்றேகால் மணி நேரத்துக்குமேல் தாங்காது. குழாய் இருமத் தொடங்கினால் உடனே நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் எரிந்துபோகும். ஆகவே ஓர் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்து குழாயைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வீட்டுக்குக் கடைசியாக வந்தவள் என்பதால் அந்த வேலை சித்தியிடம் வந்து சேர்ந்திருந்தது.

எனக்குச் சிறுவயதிலிருந்தே எதையாவது எண்ணிக்கொண்டிருக்கும் பழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் எத்தனை கரும்பு டிராக்டர், கிளாஸில் சார் எத்தனை தடவை ‘புரிஞ்சுதா’ என்றார், இப்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேரத்தில் வீட்டில் சித்தியை எத்தனை தடவை கூப்பிடுகிறார்கள் என்று எண்ணினேன். பதினான்கு. அப்பா தண்ணீர் கேட்டது, அம்மா புளியைக் கரைக்கச் சொன்னது, சித்தப்பா சட்டையைத் தேடியது, பால்காரர், எதிர்வீட்டு ஆயா, நடுவில் நானே இரண்டு தடவை.

இன்னொரு நாள் அவளோடு மோட்டார் கொட்டாய்க்குப் போயிருந்தேன். பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டுச் சித்தி தொட்டிச் சுவரில் ஏறி உட்கார்ந்தாள். புடவையைக் கணுக்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு காலைத் தண்ணீரில் விட்டாள். நான் பேச ஆரம்பித்தேன்.

“கொஞ்ச நேரம் பேசாம இரேன் பாப்பா.”

“ஏன் சித்தி? என்ன பண்ணப் போற?”

“ஒண்ணும் பண்ணப் போறதில்ல.”

சொன்னபடியே ஒன்றும் செய்யவில்லை. தண்ணீர் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாட்சைப் பார்த்தேன்: நாங்கள் வந்து ஒரு மணி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. அவளை அங்கே யாரும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. பதினான்கையும் பூஜ்ஜியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குக் கால் மரத்துப்போனதுதான் மிச்சம்.

அந்த மாசி மாதம் சித்தப்பா மொபைல் ஸ்டார்ட்டரோடு வந்தார். அவருக்குப் பெரம்பலூரில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. சாம்பல் நிறப் பெட்டி, உள்ளே சிம் கார்டு, தலையில் திருகி மாட்டிய விரல் நீள ஆன்டெனா. கரண்டு வந்தால் அதுவே சித்தப்பாவுக்கும் வீட்டுப் போனுக்கும் அழைத்துச் சொல்லும். ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். தண்ணீர் வற்றினால் தானாகவே நிறுத்திவிட்டு, எவ்வளவு நேரம் ஓடியது என்பதையும் ஒரு பெண் குரல் சுத்தத் தமிழில் சொல்லும்.

மாட்டிய முதல் நாள் குடும்பமே கொட்டாய் வாசலில் நின்றது. சித்தப்பா இருபதடி தள்ளிப் போய் நின்று போன் செய்தார். உள்ளே ‘டக்’ என்றது. குழாயில் தண்ணீர் கொட்டியது. அப்பா பெட்டியைக் கும்பிடாத குறை.

“இனிமே வெயில்ல அலைய வேணாம்” என்று சித்தப்பா சித்தியிடம் சொன்னார். பரிசு கொடுப்பவரின் முகம் அவருக்கு. உண்மையிலேயே அவளுக்காகவும் சேர்த்துத்தான் வாங்கினார் என்று இன்றும் நம்புகிறேன்.

சித்தி சிரித்தாள். “எங்க ஊர்ல தண்ணி அதுவா வாய்க்கால்ல வரும். இங்க போன் போட்டுக் கூப்பிட வேண்டியிருக்கு” என்றாள். அவள் ஊர் தா.பழூர் பக்கம், நெல் விளையும் பூமி.

இரண்டு வாரம் கருவி ஒழுங்காக வேலை செய்தது. சித்தப்பா கடையிலிருந்தபடியே மோட்டாரைப் போட்டு, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாராம். பிறகு ஒரு காலை அவர் ஒன்றை அழுத்தப் போக, நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார் என்று வந்தது. வீட்டுப் போனில் விஷயத்தைக் கேட்ட அப்பா, “எங்கடா போயிருப்பாரு? கொட்டாயிலதான இருக்காரு?” என்றார்.

சித்திதான் போனாள். கையால் போட்டு, ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நிறுத்திவிட்டு வந்தாள். மத்தியானம் சித்தப்பா போட்டுப் பார்த்தால் கருவி பேசியது. இரண்டு நாள் கழித்து மறுபடியும் இதே கதை. சித்தி போவாள், சரியாகிவிடும். “ஒன் கை பட்டாத்தான் அதுக்கு உசுரு வருது” என்று அம்மா அவளைக் கேலி செய்தாள். பெரம்பலூரிலிருந்து மெக்கானிக் இரண்டு தடவை வந்தார். முதல் தடவை டவர் வீக் என்றார். இரண்டாவது தடவை உள்ளே பல்லி போயிருக்கும் என்றார்.

எனக்கு முழுப்பரீட்சை லீவு விட்டிருந்தது. கருவி ஏன் சில நாள் மட்டும் கெடுகிறது என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் கட்டம் போட்டேன். காரணம் எதில் ஒளிந்திருக்கிறது என்று தெரியாததால் எல்லாவற்றையும் எழுதினேன். காற்று, மேகம், முந்தின நாள் யார் புல்லறுக்கப் போனார்கள், போனில் எத்தனை கோடு சிக்னல், அன்று வீட்டில் என்ன குழம்பு.

குழம்புக்கும் மோட்டாருக்கும் தொடர்பில்லை என்பது பத்து நாளில் தெளிவாகிவிட்டது. காற்றுக்கும் மேகத்துக்கும் இல்லை. ஒரே ஒரு கட்டம் மட்டும் பிசகாமல் பொருந்தியது. முந்தின நாள் சாயங்காலம் மாட்டுக்குப் புல்லறுக்கச் சித்தி போயிருந்தால் மறுநாள் காலை கருவி பேசாது. அம்மா மட்டும் போயிருந்தால் பேசும்.

அப்போதும் நான் சித்தியைச் சந்தேகிக்கவில்லை, கதவைத்தான் சந்தேகித்தேன். புல்லறுத்த அரிவாளைக் கொட்டாய்க்குள் வைத்துவிட்டு வருவது வழக்கம். அந்தத் தகரக் கதவைச் சித்தி படார் என்று சாத்துவதால் ஆன்டெனாவின் திருகு ஆடிப்போகிறது என்று முடிவு செய்தேன். அதைச் சோதிக்க, சித்தியிடமே போய் நெயில் பாலிஷ் கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தாள். மத்தியானம் கொட்டாய்க்குப் போய், திருகின் மேலிருந்து பெட்டிவரை ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். திருகு அசைந்தால் கோடு உடையும். இன்று நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையிலும் முறுக்கிய நட்டின்மேல் இப்படித்தான் கோடு போடுகிறோம். முதல் நாள் அதைப் பார்த்தபோது, இதை நான் முன்பே கண்டுபிடித்துவிட்டேனே என்று சிரிப்பு வந்தது. சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை.

கோடு போட்ட அன்று அம்மா புல்லறுக்கப் போனாள். காலையில் கோடு அப்படியே இருந்தது. அடுத்த நாள் சித்தி போனாள். மறுநாள் காலை வாடிக்கையாளர் எல்லைக்கு வெளியே போய்விட்டார் என்று தெரிந்ததும், சித்தி செருப்பை மாட்டுவதற்குள் நான் நெயில் பாலிஷோடு ஓடினேன். கோடு உடைந்து, மேல்பாதி பின்பக்கம் திரும்பியிருந்தது. நான் திருகை மறுபடி இறுக்கி, புதுக் கோடு போட்டுக் காயவைத்துவிட்டு, தகரக் கதவை இருபது தடவை ஓங்கிச் சாத்தினேன். கோடு அசையவில்லை. எதிரே வந்த சித்தியிடம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு ஓடிவந்தேன். அது ஒரு விடை கிடைத்த சந்தோஷம், அவ்வளவுதான்.

அன்று ஞாயிறு. சித்தப்பா வீட்டில் இருந்தார். மெக்கானிக் மூன்றாவது தடவையாக வந்திருந்தார். பெட்டியைக் கழற்றிக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், வர ஒரு மாதமாகும் என்றார். ஒரு மாதத்தில் கரும்பு காய்ந்துவிடுமே என்றார் அப்பா. விற்ற கடைக்காரனைச் சும்மா விடமாட்டேன் என்று சித்தப்பா துள்ளிக்கொண்டிருந்தார். கொல்லையிலிருந்து திரும்பிய சித்தி மெக்கானிக்குக்கு டீ கொண்டுவந்தாள்.

நான் நோட்டோடு நடுவில் போய் நின்றேன்.

“பெட்டியில ஒண்ணும் ரிப்பேர் இல்ல. ஆன்டெனாவ யாரோ சாயங்காலம் கையால கழட்டி உடுறாங்க, காலையில திருகி வச்சிடுறாங்க.”

“யாருடி?” என்றார் சித்தப்பா.

பக்கத்தைப் புரட்டி வாசித்தேன். சித்தி புல்லறுத்தது ஏழு நாள், பழுது ஏழு. அம்மா புல்லறுத்தது ஆறு நாள், பழுது ஜீரோ.

சித்தி டம்ளரை மெக்கானிக் பக்கத்தில் வைத்தாள். கொஞ்சமும் சிந்தவில்லை.

“ஆமா. நாந்தான்.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

“சும்மாவா? மூணு தடவ ஆள வரவச்சு, கடைக்காரன்கிட்ட சண்டபுடிச்சு, நாயா அலைஞ்சிருக்கேன். சும்மாவாம்ல சும்மா!”

“ரிப்பேர் இல்லாமப் போச்சே, அதப் பாருங்கண்ணே” என்று மெக்கானிக் டீக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

“வெயில்ல நடக்கறதுக்குமா ஒருத்திக்கு ஆசை வரும்? உக்காருன்னு சொன்னா உக்காராம…” அம்மாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை.

அப்பா என் நோட்டை வாங்கி மேலிருந்து கீழே படித்தார். “நல்லா எழுதியிருக்க” என்றார். பிறகு சித்தியை ஒரு முறை பார்த்தார். “விடுடா, விடு” என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவருக்கு ஏதோ புரிந்திருக்கலாம்.

மறுநாளே பெட்டியைச் சுற்றி ஒரு கம்பிக் கூண்டு அடித்துப் பூட்டு போட்டார்கள். சாவி சித்தப்பாவின் பைக் சாவியோடு சேர்ந்தது.

சித்தி என்மேல் கோபப்படவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. சாயங்காலம் தலைவாரிவிடும்போது, “கோடு போட்டது என் நெயில் பாலிஷ்தான?” என்று கேட்டாள்.

“ஆமா. நீ பாத்தியா?”

“பாத்தேன். இருட்டிக்கிட்டு வந்துச்சு, ஆனா செவப்பு தெரிஞ்சுது.”

“அப்பறம் ஏன் கழட்டுன? மாட்டிக்குவன்னு தெரியாதா?”

சிக்கு எடுக்கும் வேலையில் அவள் மும்முரமாக இருந்தாள். நானும் மறுபடி கேட்கவில்லை. யார் செய்தது, எப்படிச் செய்தது என்று இரண்டும் என் நோட்டில் இருந்தன. ஏன் என்பதற்கு நான் கட்டமே போடவில்லை. இன்று பழுதுகளைத் தேடுவதே என் தொழில். ஒரு பழுதுக்குப் பின்னால் ஆள் கை இருந்தால் அங்கே நிறுத்திவிடக் கூடாது, அந்தக் கைக்கு என்ன தேவைப்பட்டது என்று கேட்க வேண்டும் என்பார்கள். பயிற்சியில் இதை முதன்முதலாகச் சொன்னபோது நான் குறிப்பு எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

கூண்டு போட்டு ஒரு வாரம் இருக்கும். காலை பத்தரை மணி. மோட்டாரைச் சித்தப்பா கடையிலிருந்தே போட்டிருந்தார், அது தண்ணீர் வற்றித் தானாக நின்றது. டிவி ஸ்டாண்டில் போன் அடித்தது. நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். மோட்டார் நிறுத்தப்பட்டது, ஓடிய நேரம் ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் என்றது அந்தக் குரல்.

முறத்தில் அரிசியோடு சித்தி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“அத இன்னொரு தடவ போடு பாப்பா.”

மீண்டும் கேட்க மூன்றை அழுத்த வேண்டும். அழுத்தினேன். தலையைச் சாய்த்துக் கேட்டாள். இன்னொரு தடவை என்றாள். அதையும் போட்டேன்.

“ஒரு மணி பன்னெண்டு நிமிஷமா?”

“ஆமா சித்தி.”

“அங்க இருந்தப்ப அவ்ளோ நேரம்னே தெரியல” என்றாள்.

கருவிமேல் அவளுக்கு ஒருவழியாக ஆர்வம் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே குதூகலம். உள்ளே ஒரு சின்னக் கடிகாரம் இருக்கிறது, மோட்டாருக்குக் கரண்டு பாய ஆரம்பித்ததும் அது எண்ணத் தொடங்கும், நின்றதும் நிறுத்திவிடும், ஒரு விநாடிகூட விட்டுப்போகாது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். சித்தி முறத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு, கடைசிவரை நின்று கேட்டாள்.