மாப்பிள்ளை உறங்க வைத்த விருந்தாளி

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. இப்போது மறதியும் கூடிவிட்டது. முன்னே நடந்தது பின்னே வரும், பின்னே நடந்தது முன்னே வரும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மறக்காமல் இருப்பது ஒரு துணி. சுங்குடிச் சேலை ஒன்று கிழிந்தபோது, அதில் நல்லதாக இருந்த பக்கத்தை வெட்டி, ஓரம் அடித்து, எங்கள் மாப்பிள்ளையின் கம்ப்யூட்டர் பெட்டிக்கு உறை தைத்தேன். அவர் இல்லாத நேரம் பார்த்து மாட்டிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். அவர் வந்து பார்த்தார். "அத்தை, ஒறை அழகா இருக்கு. ஆனா அதுக்கு மூச்சு முட்டும்" என்று கம்ப்யூட்டரிடமே சொல்வதுபோலச் சொன்னார். அது ஓயாமல் வேலை செய்கிறது, சூடு வெளியே போக வேண்டும் என்று பிறகு மகள் வந்து விளக்கினாள்.

எங்கள் பேச்சு எப்போதும் அப்படித்தான். மருமகன் முன்னால் மாமியார் வந்து நிற்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதற்கு மேல் எனக்குப் பிறவியிலேயே கூச்சம். நான் கதவுக்குப் பின்னால் நின்று சுவரிடம் பேசுவேன். அவர் கம்ப்யூட்டரிடம் பேசுவார். என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் தனியாக இருக்க வேண்டாமென்று, மகளும் அவரும் திண்டுக்கல்லில் என் வீட்டுக்கே குடிவந்தார்கள். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் அவர் எலக்ட்ரீசியன். காலையில் மில் பஸ் தெருமுனைக்கு வந்து ஆரன் அடிக்கும். வீட்டோட மாப்பிள்ளை என்று தெருவில் கேலி செய்வார்கள். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

அந்தக் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும் நேரத்தை அவர் தானமாகக் கொடுத்திருந்தார். எங்கோ தூரதேசத்தில், அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று ஆராய்கிறவர்களுக்கு மலை போலக் கணக்கு இருக்கிறதாம். அதைக் கூறு போட்டு, சம்மதித்தவர்களின் வீட்டு மெஷின்களுக்கு அனுப்புவார்களாம். ஆனால் அந்தக் கணக்கு வேறு வகைக் கம்ப்யூட்டரில்தான் ஓடும். அதனால் உருவமில்லாத ஒரு முழுக் கம்ப்யூட்டரையே சேர்த்து அனுப்பிவிடுவார்கள். அது நம் கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு, தான் தனி வீட்டில் இருப்பதாகவே நினைத்து வேலை பார்க்குமாம். வர்ச்சுவல் மெஷின் என்று அதற்குப் பெயர். "வெளிய இருக்குறது வீட்டுக்காரரு, உள்ள இருக்குறது விருந்தாளி. இங்கிலீசுலயும் ஹோஸ்ட்டு, கெஸ்ட்டுன்னுதான் அத்தை பேரு வச்சிருக்காங்க. என்னைய மாதிரின்னு வச்சுக்கங்களேன்" என்றார்.

இது பக்கத்து வீட்டு மதினி காதுக்குப் போய்விட்டது. அவள் வாசலில் நின்றே கேட்டாள்: "ஏன் மதினி, ஒங்க வீட்டோட மாப்ளை மெஷினுக்குள்ள இன்னொரு வீட்டோட மாப்ளையக் குடி வச்சிருக்காராமே? எம்புட்டுச் சோறு திங்கிறாரு?" உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது: "கரண்டு மட்டும் குடுத்தாப் போதும்க்கா. கொழம்பு, வெஞ்சனமெல்லாம் கேக்க மாட்டாரு." நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மின்தடை வரும் நாளில் அந்த விருந்தாளியை அவர் உறங்க வைப்பார். அணைத்துவிட்டால் செய்த கணக்கு வீணாகிவிடுமாம். உறங்க வைத்தால், எந்த எழுத்தில் நிறுத்தினதோ அங்கேயே நிற்குமாம். "அதுக்குத் தூங்குனதே தெரியாது அத்தை. எப்ப எழுப்புனாலும், கண்ண மூடுன அதே நிமிசம்னுதான் நெனச்சுக்கிட்டு எந்திரிக்கும்" என்று ஒருதரம் சொன்னார். அன்றைக்கு அதை வேடிக்கையாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

அந்தக் காலையிலும், பராமரிப்பு வேலைக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று சொல்லியிருந்தார்கள். பஸ் ஆரன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டே, "அத்தை, விருந்தாளியத் தூங்க வச்சுட்டேன். சாயந்தரம் வந்து எழுப்பிக்கிறேன்" என்றார். நான் சுவரைப் பார்த்து "சரிங்க மாப்ளை" என்றேன். மத்தியானம் மில்லில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தபோது தெருவில் இன்னும் கரண்ட் வந்திருக்கவில்லை.

அதன் பிறகு அந்தக் கம்ப்யூட்டரை யாரும் போடவில்லை. நான்தான் தினமும் தூசி தட்டினேன். தட்டும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு: இதற்குள்ளே இன்னும் அந்தக் காலைதான். இதற்குள்ளே அவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறார். பெட்டியில் காதை வைத்துப் பார்ப்பேன். ஒரு சத்தமும் இருக்காது. ஆனாலும் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். மகள் அந்த மேசைப் பக்கம் திரும்பவே மாட்டாள். அவள் அழவும் இல்லை. "அத யாருக்காவது குடுத்துத் தொலைம்மா" என்று சொல்லும்போதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். அதைக் கொடுத்தால் அந்தக் காலையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவோம் என்று எனக்குப் பயம்.

கடைசியில் அவளே மாப்பிள்ளையோடு மில்லில் வேலை பார்த்த நண்பரை வரச்சொல்லிவிட்டாள். அந்த நண்பருடைய மகளின் படிப்புக்குக் கம்ப்யூட்டரைக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு. அவர் சுவிட்சைப் போட்டதும் பெட்டிக்குள் காற்றாடி சுற்றியது. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "தங்கச்சி, உள்ள ஒண்ணு தூங்குது. அதோட கடியாரம் அன்னைக்குக் காலையிலயே நிக்குது பாரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கணக்கு பாதியில கெடக்கு. கெடு எப்பவோ முடிஞ்சுபோச்சு. இந்நேரம் இதே கணக்க வேற வீட்டு மெஷினுக்குக் குடுத்து முடிச்சிருப்பாங்க. இனி இது முடிச்சாலும் யாருக்கும் ஒதவாது. அழிச்சிரவா?" என்று கேட்டார்.

நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்: அழிக்கவும் வேண்டாம், எழுப்பவும் வேண்டாம். எழுப்பினால் அந்தக் காலை போய்விட்டது என்று அதற்குத் தெரிந்துவிடும். அப்படியே தூங்கட்டும்.

மகள் மேசைப் பக்கம் வந்து திரையைப் பார்த்தாள். "பாதியிலயா அண்ணே?" என்றாள். "அவரும் அன்னைக்கு இட்லியப் பாதியில வச்சுட்டுத்தான் எந்திரிச்சாரு. பஸ்ஸு ஆரன் அடிச்சிட்டான்."

பந்தியில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்பக்கூடாது என்பார்கள். அதே அளவு பாவம், சாப்பிட விடாமல் இலை முன்னால் உட்கார வைத்திருப்பதும். இத்தனை மாதமாக நான் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன். அந்தக் காலையை விட மனசில்லாமல், ஒரு விருந்தாளியைப் பாதிச் சோற்றோடு உட்கார வைத்திருக்கிறேன். கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்துவிட்டேன். வெளி ஆள் முன்னால் நான் வந்து நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

"எழுப்புப்பா. யாருக்கும் ஒதவாட்டிப் போகுது. முடிச்சிட்டுப் போகட்டும்."

"அம்மா, இத முடிச்சு ஆகப்போறது ஒண்ணுமில்ல..."

"எழுப்புங்கண்ணே" என்றாள் மகள்.

அவர் எழுப்பினார். செத்த நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு திரையில் ஒரு சின்னச் சன்னல் திறந்து, அதில் எழுத்துகள் வரிவரியாக ஓடத் தொடங்கின, நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல. "அந்தா, வெளிக் கடியாரத்தப் பாத்துருச்சு. தேதிய மாத்திக்கிருச்சு" என்று நண்பர் காட்டினார். அப்போதுதான் என் மகள் அழுதாள். அத்தனை மாதமாக வராத அழுகை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, பெட்டியின் சூடு முகத்தில் அடிக்க அடிக்க அழுதாள். நான் அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

கணக்கு முடியும்வரை பெட்டி எங்கள் வீட்டிலேயே ஓடட்டும் என்று சொல்லிவிட்டு நண்பர் போனார். மகள் வேலைக்குப் போன நேரத்தில் நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குவேன், கீரை ஆய்வேன். ஒரு முற்பகல் கொடியில் துணி போட்டுவிட்டு வந்து பார்த்தால், அந்தச் சின்னச் சன்னலைக் காணவில்லை. காற்றாடிச் சத்தமும் அடங்கியிருந்தது. நான் எதையோ தொட்டுக் கெடுத்துவிட்டேனோ என்று பதறி மகளுக்குப் போன் போட்டேன். அவள் நண்பரைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இல்லம்மா. கணக்கு முடிஞ்சா அந்த உள் மெஷினு தானாவே கலைஞ்சு போயிருமாம். யாரும் ஒண்ணும் செய்ய வேணாமாம்."

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கேட்டதையும் பார்த்ததையும் வைத்து எழுதியிருக்கிறேன்; தப்பாகவும் இருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். முக்கியமாக ஒன்று. எழுப்பினதற்கும் அது வெளிக் கடிகாரத்தைப் பார்த்ததற்கும் நடுவில் செத்த நேரம் போனதே, அப்போது அதற்குள்ளே எந்த நாளாக இருந்திருக்கும்?