மந்தத்தைக் காட்டும் பக்கம்

பதினோரு வருடமாக மெதுவான வலைத்தளங்களுக்கு நாடி பார்க்கிறவர். அலுவலகத்தில் ‘வைத்தியர்’ என்றால் அவர்தான். இந்த முறை பஸ் டிக்கெட் தளம். முப்பது நொடி சுற்றிவிட்டுக் கையை விரித்துவிடும்.

மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, டேட்டாபேஸை மூச்சுத் திணறவைத்த ஆசாமியைப் பிடித்தார். தளம் மெதுவாக இருக்கிறதா என்று காட்டும் கண்காணிப்புப் பக்கம். யார் திறந்துவைத்தாலும் நொடிக்கொரு தரம் எல்லா டிக்கெட்டையும் துழாவியது. எழுதியவர் சாட்சாத் வைத்தியரே. இந்த லட்சணத்தில், தளம் மந்தமானால் அலுவலகமே அதைத்தான் திறந்துவைத்து உச்சுக்கொட்டும்.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு மேலாளரிடம் போனார். “சார், அந்தப் பக்கத்த மூடிட்டா எல்லாம் சரியாயிடும்.”

மேலாளர் அந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மூடிட்டா, சரியாயிடுச்சான்னு எதுல பாக்கறது?”