நீருக்குள் இறங்கிய சிறுத்தை

பெருமாள் மலையின் அலிபிரிப் படிகளில், ஒவ்வொரு படிக்கும் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்தபடி ஏறிய நகரிக்கார அம்மாள் அவர். முந்தானையெல்லாம் மஞ்சள். மூச்சு வாங்க நின்ற நான், அவர் கேட்காமலேயே என் கற்பனை மிருகத்தைப் பற்றி அளந்தேன். இந்த மலைச் சிறுத்தையின் வாரிசு, பல லட்சம் வருடங்களில் ஏரிக்குள் இறங்கி, விரலிடையில் சவ்வு முளைத்து, முடியெல்லாம் உதிர்ந்து, நீருக்குள்ளேயே வேட்டையாடுமாம்.

"அதுவும் மொட்டையா?" என்றார் நிமிராமல்.

அப்போது புதர் சலசலத்தது. என் மிருகத்துக்கு அத்தனை கோரைப்பல் யோசித்து வைத்த நான், சிறுத்தையோ என்று அவர் முதுகுக்குப் பின்னால் பதுங்கினேன்.

"பயந்துக்கினு நிக்காத நைனா. உன்னுது வர இன்னும் எத்தினியோ லட்சம் வருஷம் கீது. காலை எடு, இந்தப் படிக்கு வெக்கணும்."

எடுத்தேன். புதரிலிருந்து ஒரு குரங்கு வந்தது. அவர் சிரித்தாரா, தெரியவில்லை; அதற்குள் அடுத்த படிக்குக் குனிந்திருந்தார்.